துக்கத்துக்கும் குடும்பப் பிரச்சினைக்கும் ஒரே குழு போதுமா?

கேள்வி: எனக்கு வயது 43. எட்டு மாதங்களுக்கு முன்பு அண்ணன் புற்றுநோயால் இறந்துவிட்டார். இன்னும் தினமும் அழுகிறேன். அவருடைய எண்ணை போனிலிருந்து அழிக்க மனம் வரவில்லை. அம்மாவை யார் வைத்துப் பார்ப்பது என்பதில் எனக்கும் தங்கைக்கும் பேச்சே நின்றுபோய்விட்டது. மாமா பேச்சை எடுத்தாலே 15 வயது மகன் எழுந்து போய்விடுகிறான். தெரபிஸ்ட் நடத்தும் ஆதரவுக் குழுவில் சேரச் சொல்கிறாள் தோழி. நல்ல குழுவை எப்படித் தேடுவது? முன்பின் தெரியாதவர்கள் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேசலாமா?

பதில்: சேரலாம். உங்கள் நிலைமைக்குப் பொருத்தமான யோசனைதான். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று பிரச்சினைகள் இருக்கின்றன: உங்கள் துக்கம், தங்கையோடு உள்ள பிணக்கு, மகனின் மௌனம். மூன்றையும் ஒரே குழுவில் தீர்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் நின்றுவிடுகிறார்கள். துக்கக் குழுவில் தங்கையைப் பற்றிய கோபத்தைக் கொட்டினால் மற்றவர்கள் ஆறுதல் சொல்வார்கள். ஆனால் அம்மா எங்கே இருப்பது என்பது அங்கே முடிவாகாது. துக்கத்துக்குத்தான் குழு. மற்ற இரண்டுக்கும் வேறு வழி பார்க்க வேண்டும்.

முதலில் துக்கத்தைப் பார்ப்போம். எட்டு மாதத்தில் அழுகை வருவதும் எண்ணை அழிக்க முடியாமல் இருப்பதும் நோய் அல்ல. அந்த எண் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் குற்றமில்லை. கவனிக்க வேண்டியது வேறு: அண்ணனுக்கான ஏக்கமோ அவரைப் பற்றிய நினைவோ நாள் முழுவதும் ஆக்கிரமிக்கிறதா? இறந்ததை இன்னும் நம்ப முடியவில்லையா? அவரை நினைவூட்டும் இடங்களைச் சுற்றிக்கொண்டு போகிறீர்களா? உங்களில் ஒரு பகுதியே செத்துவிட்டதுபோல இருக்கிறதா? வேலையும் வீடும் கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கின்றனவா? இவை விடாமல் நீடித்தால் அதற்கு ‘நீடித்த துயர்க் கோளாறு’ என்று பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாடு இதற்குக் குறைந்தது ஆறு மாதம் என்று வரையறுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கத்தின் 2022 கையேடு பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்கிறது. நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். ஆகவே குழுவில் சேரும் முன் மனநல மருத்துவரிடமோ மருத்துவ உளவியலாளரிடமோ ஒருமுறை தனியாகப் பேசி மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். இந்தக் கோளாறு இருப்பது தெரிந்தால் அதற்கென்றே வடிவமைத்த தனிநபர் சிகிச்சை இருக்கிறது. வழக்கமாக 16 அமர்வுகள். அப்போது குழு துணையாக இருக்கலாம், அதுவே சிகிச்சை ஆகாது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்கு மாத்திரை உதவும். ஏக்கத்தை மாத்திரை குறைக்காது. தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு போவது மட்டும் வேண்டாம்.

அண்ணனின் குரல் கேட்டதுபோல ஒரு கணம் தோன்றுவது துக்கத்தில் சகஜம், பயப்பட வேண்டாம். ஆனால் ‘நானும் போய்விட்டால் நல்லது’ என்ற எண்ணம், தூங்குவதற்காகக் குடிப்பது, சாப்பாடே இறங்காத நிலை, வீட்டில் யாராவது கை நீட்டுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் குழுவில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவரைப் பாருங்கள். தற்கொலை எண்ணம் என்றால் அவசரப் பிரிவுக்கே போய்விடுங்கள்.

ஆதரவுக் குழு என்று சொல்லப்படுபவை எல்லாம் ஒன்றல்ல. அதே பிரச்சினையைச் சந்தித்தவர்களே நடத்துபவை ஒரு வகை. பிள்ளைகளை இழந்த பெற்றோருக்காக 1969-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்’, குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்காக 1951 முதல் நடக்கும் ‘அல்-அனான்’ போன்றவை இதில் சேரும். கட்டணம் கிடையாது அல்லது மிகக் குறைவு, எப்போது வேண்டுமானாலும் போகலாம், எத்தனை ஆண்டுகளானாலும் தொடரலாம். ‘நமக்கு மட்டும் இல்லை’ என்ற தெம்பு இங்கே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் ஒருவர் நிலைகுலையும்போது அதைக் கவனித்துக் கையாளப் பயிற்சி பெற்றவர் அங்கே இருப்பார் என்று உறுதி சொல்ல முடியாது. நீங்கள் கேட்பது அடுத்த வகை. உரிமம் பெற்ற உளவியலாளர், மனநல சமூகப் பணியாளர் அல்லது மனநல மருத்துவர் நடத்துவது. பெரும்பாலும் 8 முதல் 12 வாரம், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், ஆறிலிருந்து பத்துப் பேர். தொடங்கிய பிறகு புதிதாக யாரையும் சேர்க்காத ‘மூடிய குழு’ உங்களுக்கு நல்லது. ஒவ்வொரு வாரமும் புதிய முகம் வந்தால் ஒவ்வொரு வாரமும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கும்; அதிலேயே களைத்துவிடுவீர்கள்.

தேடத் தொடங்க வேண்டிய இடம் அண்ணனுக்குச் சிகிச்சை நடந்த மருத்துவமனை. பலருக்கு இது தோன்றுவதே இல்லை. அந்தக் கட்டிடத்துக்குள் மறுபடி நுழையவே மனம் கூசும், அது இயற்கைதான். நேரில் போக வேண்டாம். போன் செய்து, புற்றுநோய்ப் பிரிவின் மருத்துவ சமூகப் பணியாளரையோ வலிதணிப்புச் சிகிச்சைப் பிரிவையோ கேளுங்கள். வலிதணிப்புச் சிகிச்சை என்பது நோயாளி இறந்த பின் குடும்பத்தாருக்குத் தரும் ஆதரவையும் உள்ளடக்கியது. அவர்களிடம் குழு இல்லாவிட்டாலும் எங்கே நடக்கிறது என்று தெரிந்திருக்கும். அடுத்து, இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ்கள். பலவற்றில், அங்கே இறந்தவர்களின் உறவினர்களுக்கு மட்டுமல்லாமல் வெளியாட்களுக்கும் இடம் உண்டு. மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவு, பல்கலைக்கழக உளவியல் துறை நடத்தும் கிளினிக் இரண்டும் கட்டணம் குறைவாக இருக்கக்கூடிய இடங்கள். அங்கே பயிற்சி மாணவர் நடத்தினாலும் மூத்தவரின் மேற்பார்வை இருக்கும் என்பதால் தயங்க வேண்டியதில்லை. நீங்கள் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஊழியர் நல ஆலோசனைத் திட்டம் இருந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள். இணையத்தில் தேடும்போது ‘துக்கம், குழு’ என்று மட்டும் போடாமல் உறவையும் காரணத்தையும் சேர்த்துத் தேடுங்கள். ‘உடன்பிறந்தவர் இழப்பு’, ‘புற்றுநோய் இழப்பு’ என்று தேடினால் பொருத்தமானது வரும். உடன்பிறந்தாரை இழந்தவர்களைப் பலர் இரண்டாம் வரிசையில்தான் வைக்கிறார்கள். எல்லோரும் அம்மாவையும் அண்ணியையும் விசாரிப்பார்கள், உங்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் இந்தத் தலைப்பில் குழு கிடைத்தால் விடாதீர்கள்.

பெயர் கிடைத்ததும் பணம் கட்டிவிடாதீர்கள். நடத்துபவரோடு 20, 30 நிமிடமாவது முன்கூட்டியே தனியாகப் பேச வேண்டும். நல்ல தெரபிஸ்ட் தாமாகவே இந்தச் சந்திப்பை வைப்பார். யார் இறந்தார், எப்போது, எப்படி, தற்கொலை எண்ணம் உண்டா, முன்பு சிகிச்சை எடுத்ததுண்டா என்றெல்லாம் விசாரித்து, இந்தக் குழு உங்களுக்குப் பொருந்துமா என்று அவரே தீர்மானிப்பார். எதையும் கேட்காமல் ‘வாருங்கள், சேர்ந்துகொள்ளுங்கள்’ என்கிற குழு வேண்டாம் என்பதுதான் என் உறுதியான கருத்து. உங்களிடம் எதையும் விசாரிக்காதவர் மற்றவர்களையும் விசாரித்திருக்க மாட்டார். யார் பக்கத்தில் உட்காரப் போகிறீர்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பேச்சில் நீங்களும் கேளுங்கள்: “உங்கள் படிப்பு என்ன, பதிவு எண் என்ன? துக்கக் குழு நடத்திய அனுபவம் எவ்வளவு? உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? எத்தனை பேர், எந்த மாதிரி இழப்பு, எவ்வளவு காலத்துக்கு முன் நடந்தது? நடுவில் யாராவது மிகவும் மோசமாகிவிட்டால் என்ன செய்வீர்கள்?” பதிவு எண்ணை உரிமம் தரும் அமைப்பின் பட்டியலில் சரிபாருங்கள். ‘ஹீலர்’, ‘கோச்’ போன்ற பட்டங்கள் மட்டும் இருந்தால் அது தெரபிஸ்ட் நடத்தும் குழு இல்லை. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நீங்கள் இப்போது மூன்றாவதில் இருக்கிறீர்கள் என்று யாராவது சொன்னாலும் யோசியுங்கள். 1969-இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்லர்-ராஸ் அந்த ஐந்தை விவரித்தது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி; இழந்தவர்கள் வரிசையாக ஏறிப்போகும் படிக்கட்டு அல்ல அது.

முதல் அமர்வில் பாதி நேரம் விதிகளுக்கே போய்விடும்: இங்கே பேசுவது வெளியே போகக்கூடாது, பதிவு செய்யக்கூடாது, கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது, பேச விருப்பமில்லையென்றால் ‘பாஸ்’ சொல்லலாம். பிறகு ஒவ்வொருவரும் தம் பெயரையும் இழந்தவர் பெயரையும் சொல்வார்கள். அவ்வளவுதான். அன்று இரவு தூக்கம் கெடலாம், முதல் இரண்டு மூன்று வாரம் துக்கம் கூடியதுபோலவும் இருக்கலாம். அடக்கி வைத்தது வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர் ‘நமக்கு ஒத்துவரவில்லை’ என்று நின்றுவிடுகிறார்கள். முடிந்தால் அமர்வு முடிந்ததும் நேரே வேலைக்கோ சமையலறைக்கோ ஓடாமல் அரை மணி நேரம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள்.

தெரபிஸ்ட் திறமையானவரா என்பது சிக்கல் வரும்போதுதான் தெரியும். உதாரணமாக, ஒருவர் உங்களைப் பார்த்து, “உங்கள் அண்ணனாவது 50 வயது வரை இருந்தார், என் மகனுக்குப் பத்தொன்பதுதான்” என்று சொல்லிவிடுகிறார் என்று வையுங்கள். நீங்கள் வாயடைத்துப் போவீர்கள். திறமையில்லாதவர் பேச்சை மாற்றிவிடுவார். திறமையானவர் அங்கேயே நிறுத்தி, அந்தத் தாயின் வலியை ஏற்றுக்கொண்டு, உடனே உங்கள் பக்கம் திரும்பி, “இதைக் கேட்டபோது உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்பார். ஒருவரே ஒரு மணி நேரம் பேசுகிறார், தெரபிஸ்ட் தடுப்பதில்லை. ஏதாவது நம்பிக்கையைத் திணிக்கிறார்கள். அடுத்த பயிற்சிக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். இதில் எது நடந்தாலும் வெளியேறத் தயங்காதீர்கள்.

வீட்டு விஷயத்தைப் பேசலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசலாம், ஒரு வரையறையோடு. ரகசியம் காக்கும் கடமை தெரபிஸ்டுக்குத் தொழில்முறையாக உண்டு. அவருங்கூட உயிருக்கு ஆபத்து, குழந்தைகள் மீதான வன்முறை என்று வந்தால் பேசாமல் இருக்க முடியாது. மற்ற உறுப்பினர்கள் வாக்குக் கொடுப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே உங்கள் மனநிலையை முழுதாகச் சொல்லுங்கள். தங்கையின் பெயர், சொத்து, வழக்கு, பிறருடைய நோய் போன்ற விவரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஆன்லைன் குழு என்றால் கதவு மூடிய தனி அறை, காதில் ஹெட்போன், திரையில் முதல் பெயர் மட்டும். மகன் அடுத்த அறையில் இருக்கும்போது ஸ்பீக்கரில் பேச வேண்டாம்.

தங்கையோடு உள்ள பிரச்சினைக்குக் குடும்ப சிகிச்சையாளர் ஒருவரிடம் நீங்கள் இருவரும் சேர்ந்து போக வேண்டும். இரண்டு மூன்று அமர்வுகள் போதுமானதாக இருக்கலாம். ‘உன்னால்தான் சண்டை, வா கவுன்சலிங் போகலாம்’ என்று கூப்பிட்டால் வரமாட்டாள். “அம்மாவுக்கு அடுத்த ஆறு மாத ஏற்பாட்டை மூன்றாம் ஆள் ஒருவரை வைத்துக்கொண்டு பேசலாமா?” என்று கேட்டுப் பாருங்கள். அவளும் அண்ணனை இழந்தவள்தான். சண்டையில் பாதி அந்தத் துக்கமாகவே இருக்கலாம். அவளையும் உங்கள் துக்கக் குழுவிலேயே சேர்க்காதீர்கள். ஒருவர் இருக்கும்போது மற்றவர் மனம்விட்டுப் பேச முடியாது. நல்ல தெரபிஸ்ட் இருவரையும் வெவ்வேறு குழுவுக்குத்தான் அனுப்புவார்.

மகனை எதற்கும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இந்த வயதில் எழுந்து போவதும் துக்கத்தின் ஒரு வடிவம்தான். எதிரெதிரே உட்கார்ந்து கேட்காமல், காரில் போகும்போதோ சேர்ந்து நடக்கும்போதோ, “எனக்கு இன்று மாமா ஞாபகம் வந்தது” என்று ஒரு வரி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். பதில் வரவேண்டும் என்பதில்லை. பள்ளி ஆலோசகரிடம் இழப்பைப் பற்றித் தெரிவித்துவிடுங்கள். அவன் விரும்பினால் பதின்வயதினருக்கான தனிக் குழுவில் சேர்க்கலாம். பெரியவர்கள் குழு அவனுக்கு ஆகாது. படிப்பு சட்டென்று சரிவது, நண்பர்களை விட்டு முழுதாக விலகுவது, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவை தெரிந்தால் அவன் விருப்பத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

நான்கு அமர்வுகளுக்குப் பிறகு உங்களையே கேட்டுப் பாருங்கள்: அங்கே ஒருவரிடமாவது மனம் ஒட்டுகிறதா, அமர்வுக்கு வெளியே கொஞ்சமாவது மூச்சு விட முடிகிறதா? இல்லையென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள், தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். தனிநபர் சிகிச்சைக்கு மாற்றிவிடுவது அவருடைய வேலை. இன்னொன்று: நான்கு மாதத்தில் அண்ணனின் முதல் நினைவுநாள் வருகிறது. இப்போது 10 வாரக் குழுவில் சேர்ந்தால் அது அந்த நாளுக்கு முன்பே முடிந்துவிடும். முன்சந்திப்பிலேயே அந்தத் தேதியைச் சொல்லி, அந்த வாரத்தில் தனியாக ஒரு அமர்வு கிடைக்குமா என்று கேட்டு வாங்கிவிடுங்கள்.