ஸ்டெபிலைசர் வடிவமைப்பு: கேள்வி பதில்

கேள்வி: 170 முதல் 270 வோல்ட் வரை ஏறி இறங்கும் லைனுக்கு எத்தனை டேப் (டிரான்ஸ்பார்மர் சுருளின் இடையில் எடுக்கும் இணைப்பு) வைக்க வேண்டும்? மூன்று போதுமா?

பதில்: நல்ல கேள்வி, கணக்குப் போட்டே பார்ப்போம். 270-ஐ 170-ஆல் வகுத்தால் 1.588. வெளியீடு 210-க்கும் 245-க்கும் நடுவே இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால், ஒரு டேப் தாங்கும் விகிதம் 245-ஐ 210-ஆல் வகுத்த 1.167. 1.167 மூன்றை ஒன்றோடொன்று பெருக்கினால் சரியாக 1.588 வந்து நிற்கிறது. காகிதத்தில் மூன்று டேப் போதும். ஆனால் ஹிஸ்டெரிசிஸுக்கு, அதாவது ஏற்றும் புள்ளிக்கும் இறக்கும் புள்ளிக்கும் நடுவே விடும் இடைவெளிக்கு, இடமே மிஞ்சாது. லைன் எல்லைக்கோட்டில் நின்றால் டேப்பை மாற்றும் ரிலே (மின்காந்த சுவிட்ச்) டக் டக்கென்று மாறிக்கொண்டே இருக்கும்.

நான்கு வையுங்கள். ஒவ்வொரு டேப்புக்கும் 1.123 அகலம்தான் தேவை, சுமார் 4 சதவீதம் மிச்சம். உள்ளீடு 190-க்குக் கீழே போனால் டேப்பை ஏற்று, 196-ஐத் தாண்டினால் மட்டும் இறக்கு என்கிற மாதிரி 6 வோல்ட் இடைவெளி வைக்கலாம். வோல்ட்டேஜ் குறைந்தால் அரை விநாடி பொறுத்து முடிவெடுங்கள், இல்லாவிட்டால் கம்ப்ரசர் கிளம்பும்போது வரும் சரிவுக்கெல்லாம் டேப் மாறும். கூடினால் பொறுக்காதீர்கள்.

அளப்பதிலும் கவனம் வேண்டும். உச்சத்தை மட்டும் அளந்து பெருக்கிக்கொள்ளும் சுற்று ஏமாற்றும், ஏனென்றால் மெயின்ஸ் அலையின் தலை பெரும்பாலும் தட்டையாகத்தான் இருக்கிறது. 20 மில்லி விநாடி முழுவதும் மாதிரி எடுத்து, வர்க்கம், சராசரி, வர்க்கமூலம் என்று ஆர்எம்எஸ் (அலையின் பயனுறு மதிப்பு) கண்டுபிடியுங்கள்.

கேள்வி: 1 கேவிஏ (ஆயிரம் வோல்ட்-ஆம்பியர்) லோடுக்கு 1 கேவிஏ கோர் (டிரான்ஸ்பார்மரின் இரும்பு) வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் (உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் ஒரே சுருள்) கூட்டித்தரும் பங்குக்குத்தான் கோர். 170-ஐ 230 ஆக்க 60 வோல்ட் கூட்டுகிறோம், அதாவது 26 சதவீதம். 260 விஏ கோர் கணக்குக்குச் சரி, சூட்டுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் நினைவில் வையுங்கள்: ஆட்டோ டிரான்ஸ்பார்மர் மெயின்ஸிலிருந்து உங்களைப் பிரித்து வைக்காது. வெளியீட்டைத் தொட்டால் லைனைத் தொட்ட மாதிரிதான்.

கேள்வி: ஃபிரிட்ஜுக்கு எத்தனை கேவிஏ சார்?

பதில்: பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரை 230-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுங்கள். கிளம்பும்போது மோட்டார் அதைப்போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும், ரிலே காண்டாக்ட் அதைத் தாங்க வேண்டும். கரண்ட் போய் வந்தால் 3 நிமிடத் தாமதமும் கட்டாயம். உள்ளே வாயு அழுத்தம் சமமாகாமல் கம்ப்ரசரைக் கிளப்பினால் அது சுற்றாமல் நின்று சூடேறும்.

கேள்வி: ரிலே எல்லாம் பழைய காலம். டிரையாக் (ஏசி மின்னோட்டத்துக்கான குறைக்கடத்தி சுவிட்ச்) வைத்தால் வேகம், சத்தமில்லை, தேய்மானமில்லை. ஏன் பரிந்துரைப்பதில்லை?

பதில்: எனக்கும் டிரையாக் பிடிக்கும். ஆனால் கேட் முனைக்குக் கொடுக்கும் சைகையை நிறுத்தியதும் அது அணையாது, மின்னோட்டம் சுழியை (பூஜ்யத்தை) தொட்ட பிறகுதான் அணையும். மோட்டார் லோடில் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வரும். நீங்கள் வோல்ட்டேஜ் சுழியில் அடுத்த டிரையாக்கைச் சுட்டால் (கேட்டில் சைகை கொடுத்து இயக்கினால்), பழையது இன்னும் கடத்திக்கொண்டிருக்கும். இரண்டு டேப்புக்கு நடுவே உள்ள 25 வோல்ட் சுருள் குறுக்கிணைந்துவிடும். காயிலின் தடை மிகக் குறைவு, டிரையாக் அந்த இடத்திலேயே போய்விடும். ரிலேயின் பொதுமுனையோ ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தில்தான் உட்காரும்.

கேள்வி: (அதே டிரையாக் அன்பர்) ஜீரோ கிராசிங் ஆப்டோ (ஒளி வழியே சைகை கடத்தி, சுழியில் மட்டும் டிரையாக்கை இயக்கும் சில்லு) போட்டால் தீர்ந்தது.

பதில்: தீராது. அந்த ஆப்டோ பார்ப்பது வோல்ட்டேஜ் சுழியை, வேண்டியது மின்னோட்டச் சுழி.

கேள்வி: ஃபிரிட்ஜுக்கு 1 கேவிஏ போதுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: விளக்கு டிம்மர் சுற்றையே பெரிதாக்கி ஸ்டெபிலைசர் ஆக்கலாமா?

பதில்: கூடாது. டிம்மர் அலையை வெட்டுமே தவிர வோல்ட்டேஜைக் கூட்டாது. வெட்டிய அலையில் மோட்டார் சூடேறும்.

கேள்வி: எல்ஈடி டிவிக்கு?

பதில்: பின்னால் 100–240 என்று அச்சிட்டிருந்தால் ஸ்டெபிலைசர் வேண்டாம். நியூட்ரல் அறுந்தால் 400 வோல்ட்டை நெருங்கும், அதற்கு ஓவர் வோல்ட்டேஜ் கட்‌ஆஃப் போதும். வேரிஸ்டரை (வோல்ட்டேஜ் எகிறினால் கடத்தி அதை உள்வாங்கும் பாகம்) மட்டும் நம்பாதீர்கள், அது நொடிப்பொழுது எழுச்சிக்கு. தொடர்ந்து வந்தால் எரிந்துவிடும்.

கேள்வி: அலைக்காட்டியில் (ஆசிலோஸ்கோப்) வெளியீட்டு அலையைப் பார்க்கலாமா?

பதில்: கிரவுண்ட் கிளிப்பை மாட்டவே மாட்டாதீர்கள். அது எர்த்தோடு சேர்ந்தது, நம் வெளியீடோ லைனோடு சேர்ந்தது. இரு புள்ளிகளுக்கு நடுவே உள்ள வோல்ட்டேஜை எர்த்தைத் தொடாமல் அளக்கும் டிஃபரன்ஷியல் புரோப் வேண்டும். திரும்பவும் சொல்கிறேன், ஆட்டோ டிரான்ஸ்பார்மரில் பிரிப்பே கிடையாது.

கேள்வி: ஃபிரிட்ஜ், எத்தனை கேவிஏ?

பதில்: மூன்றாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: (டிரையாக் அன்பர்) சரி, மின்னோட்டச் சுழியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இப்போது சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். டிரையாக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வோல்ட்டேஜைப் பாருங்கள். கடத்தும்போது 1 முதல் 1.5 வோல்ட்தான் இருக்கும். அணைந்த கணமே ஏறும், அதை ஆப்டோ வழியாக மைக்ரோ கண்ட்ரோலருக்குக் கொடுங்கள். அந்தச் சைகை வந்த பிறகும் அரைச் சுழற்சி காத்திருந்து அடுத்ததைச் சுடுங்கள். லோடுக்கு அந்த 10 மில்லி விநாடி பெரிதல்ல. ஆர்‌சி ஸ்னப்பரும் (வோல்ட்டேஜ் திடீரென ஏறுவதைத் தணிக்கும் மின்தடை, மின்தேக்கி இணை) போடுங்கள். 10 ஆம்பியரில் 10 முதல் 15 வாட் சூடு வரும், ஹீட் சிங்க்கை இப்போதே திட்டமிடுங்கள்.

சோதிக்கும்போது ஒவ்வொரு டிரையாக்குடனும் தொடராக 10 ஓம், 25 வாட் மின்தடை வைத்து, லோடை 1 ஆம்பியருக்குள் நிறுத்துங்கள். இரண்டும் சேர்ந்து கடத்தினாலும் 25 வோல்ட் டேப்பில் ஓடுவது 1.25 ஆம்பியர்தான், எதுவும் போகாது. பல்பில் மட்டும் சோதித்துத் திருப்திப்படாதீர்கள், மின்விசிறியில் சோதியுங்கள்.