சியோலுக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி: எனக்கு 19 வயது. 2027இல் சியோலில் நடக்கவிருக்கும், கத்தோலிக்க இளையோர் திருத்தந்தையோடு (போப்) கூடும் உலக இளையோர் நாளில் பங்கேற்க ஆசை. எங்கள் பங்கிலிருந்து (கோவில் சமூகத்திலிருந்து) இதுவரை யாரும் போனதில்லை. தனியாகவே போய்விடலாமா? எப்படித் தயாராவது?

பதில்: தனியாகப் போக முடியாது என்றில்லை. ஆனால் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். தங்குமிடம், உணவு, திடலில் அமரும் பகுதி எல்லாமே பெரும்பாலும் குழுக்களை மனத்தில் வைத்தே ஒதுக்கப்படுகின்றன. அதைவிட முக்கியம், கேட்ட மறையுரையையும் மனத்தைத் தொட்ட ஒரு மன்றாட்டையும் இரவில் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும். பங்கில் துணை இல்லையென்றால் பல பங்குகள் சேர்ந்த மறைமாவட்டத்தின் இளைஞர் பணிக்குழுவை அணுகுங்கள். துறவற சபைகளும் இளையோர் இயக்கங்களும்கூடக் குழுக்களை அழைத்துச் செல்கின்றன.

சியோல் நிகழ்வு ஆகஸ்ட் 3 முதல் 8 வரை. அதற்கு முந்தைய நாள்களில் தென்கொரிய மறைமாவட்டங்கள் திருப்பயணிகளை வரவேற்று உபசரிக்கும். 1997இல் பாரிஸ் நிகழ்வின்போது தொடங்கிய வழக்கம் இது. செலவு கருதிப் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். முடிந்தால் நீங்கள் தவிர்க்காதீர்கள். பெருங்கூட்டத்தில் கிடைக்காத நெருக்கம் அங்கே கிடைக்கும். மொழி தெரியாத ஒரு குடும்பத்தோடு ஒரே மேசையில் அமர்ந்து செபிக்கும்போதுதான் கத்தோலிக்கம் என்ற சொல்லின் பொருள், 'எல்லோருக்கும் பொதுவானது' என்பது, விளங்கும்.

பதிவு செய்துவிட்டால் விசா கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இரண்டும் வேறு வேறு. பாஸ்போர்ட்டை இப்போதே சரிபாருங்கள். விசா உறுதியாகும் முன், பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட்டை வாங்காதீர்கள்.

உடலைத் தயார்செய்வதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். தங்குவது பள்ளி வகுப்பறையாகவோ பங்கு மண்டபமாகவோ இருக்கலாம். தரையில் பாய் விரித்துத் தூங்கப் பழகுங்கள். சனிக்கிழமை மாலை நெடுந்தூரம் நடந்து திடலை அடைந்து, திருத்தந்தையோடு திருவிழிப்பு எனும் இரவு செபத்தில் கலந்துகொண்டு, அங்கேயே திறந்தவெளியில் படுத்து, ஞாயிறு காலைத் திருப்பலி காண்பதுதான் இந்தப் பயணத்தின் உச்சம். வானிலை நம் சொல் கேட்காது. 2011இல் மத்ரித் நகரின் குவாத்ரோ வியந்தோஸ் திடலில் பகலெல்லாம் கொளுத்திய வெயிலுக்குப் பிறகு இரவில் புயல்மழை கொட்டியது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் தம் உரையைச் சுருக்கிக்கொண்டார். ஆனால் நற்கருணை ஆராதனை நின்றுவிடவில்லை. நனைந்த இளையோர் கூட்டம் அப்படியே அமைதியில் மூழ்கியது. 2013இல் ரியோவில் திருவிழிப்புக்கான திடல் மழையில் சேறாகிவிட, நிகழ்வையே கோபகபானா கடற்கரைக்கு மாற்றினார்கள்.

சியோலின் ஆகஸ்டும் வெப்பமும் ஈரமும் மிகுந்த மாதம், மழைக்கும் குறைவிருக்காது. மழைச்சட்டையும் தண்ணீர்க் குடுவையும் அவசியம். செருப்பானாலும் ஷூவானாலும் இரண்டு மாதமாவது போட்டுப் பழகியதையே அணியுங்கள். கூட்ட நெரிசலில் மொபைல் இணைப்பு துண்டித்துப்போகும். ஆகவே குழுத் தலைவரின் எண்ணைத் தாளில் எழுதிப் பையில் வையுங்கள். பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று தினமும் காலையில் பேசிவையுங்கள்.

உள்ளத்தின் தயாரிப்புக்கு ஒரே ஒரு பரிந்துரை. சியோலுக்கான கருப்பொருள் யோவான் 16:33இலிருந்து எடுக்கப்பட்டது: "துணிவுடன் இருங்கள். நான் உலகின்மீது வெற்றி கொண்டுவிட்டேன்." யோவான் 13 முதல் 17 வரையுள்ள அதிகாரங்களைக் குழுவாக அமர்ந்து மெதுவாக வாசியுங்கள். இயேசு இதைச் சொன்னது பாடுபடுவதற்கு முந்தின இரவில் என்பது அப்போது மனத்தில் பதியும். நிகழ்வின் வெள்ளிக்கிழமையன்று இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் சிலுவைப்பாதை அதன்பின் வேறு ஆழத்தில் புரியும்.

குழு இன்னும் அமையவில்லையா? 2021 முதல், மறைமாவட்ட அளவிலான உலக இளையோர் நாள், நவம்பரில் வரும் கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று கொண்டாடப்படுகிறது. அந்தக் கொண்டாட்டத்துக்குப் போங்கள். சியோல் கனவோடு அங்கே இன்னும் சிலர் வந்திருப்பார்கள்.