மின்சாரத்துக்கும் காந்தத்துக்கும் என்ன தொடர்பு? பள்ளியில் படித்தது மறந்துவிட்டது, எளிமையாகச் சொல்ல முடியுமா?

தலைக்கு மேல் ஓடும் சீலிங் ஃபேனை வைத்தே சொல்லிவிடலாம். ஃப்ளெமிங் விதி என்று விரல்களை மடக்கி நீட்டியதுதான் பலருக்கும் நினைவிருக்கும். அதைத் தற்சமயம் ஓரமாக வையுங்கள்.

நான் கொஞ்ச காலம் வைண்டிங் கடையில், அதாவது மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடையில், வேலை பார்த்தவன். சாதாரண ஃபேனைப் பிரித்தால், காயில் (கம்பிச் சுருள்) சுற்றிய நடுப்பகுதி அசையாமல் தண்டோடு நிற்கும். இறக்கையைச் சுமந்து சுற்றுவது வெளி வளையம். அந்த வளையத்துக்கு ஒரு ஒயர்கூடப் போகாது. காந்தமும் இல்லை, ஆணியை வைத்தால் ஒட்டாது. இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே சற்றுச் சாய்வாக அலுமினியம் வார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். பிறகு எதை நம்பிச் சுற்றுகிறது?

கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். டென்மார்க்கின் ஓர்ஸ்டெட் 1820இல், மின்சாரம் பாயும் கம்பிக்கு அருகே திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டு இதை வெளியிட்டார். இதன் மறுபக்கத்தை 1831இல் ஃபாரடே காட்டினார்: காந்தப்புலம் மாறினால் பக்கத்தில் உள்ள கம்பிச் சுற்றில் மின்சாரம் உண்டாகும். ‘மாறினால்’ என்பதுதான் முக்கியம். காயில் பக்கத்தில் காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் நடக்காது.

ஃபேனில் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. காயிலில் ஏசி, அதாவது திசை மாறி மாறிப் பாயும் மின்சாரம், பாய்கிறது, காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கிறது, அது வளையத்தின் அலுமினியத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்க, இரண்டும் ஒன்றையொன்று தள்ளுகின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. நம் வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஒரே ஒரு காயில் இருந்தால், புலம் நொடிக்கு 100 முறை முன்னும் பின்னும் புரளுமே தவிர, சுழலாது. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ஃபேன் உறுமிக்கொண்டு நிற்கும். அதனால்தான் ஸ்டார்டிங், ரன்னிங் என்று இரண்டு காயில். ஒன்றோடு கண்டன்சரை (மின்தேக்கி) இணைத்தால், அதன் மின்னோட்டம் மற்றதைவிட ஏறத்தாழ கால் சுழற்சி முந்திக்கொள்ளும். இரண்டும் மாறி மாறி உச்சத்துக்கு வருவதால் புலம் வட்டமாகச் சுழல, வளையம் அதன் பின்னாலேயே ஓடுகிறது. கண்டன்சர் செத்துப்போன ஃபேனைக் கம்பால் தள்ளிவிட்டால், எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் மெல்ல ஓடும். (அப்படியே ஓட்டாதீர்கள், காயில் சூடாகும்.)

‘ஃபேன் ஸ்லோவா ஓடுது’ என்றால் முதலில் பார்க்க வேண்டியதும் கண்டன்சரைத்தான். உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் உலோகப் பூச்சு இருக்கும். எங்காவது பொத்துக்கொண்டால் அந்த இடத்துப் பூச்சு ஆவியாகி, பழுதைத் தானே சரிசெய்துகொள்ளும். ஒவ்வொரு முறையும் கொள்ளளவு துளி குறையும். 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருப்பது நாளடைவில் பாதியாகிவிட்டால் வேகம் எங்கிருந்து வரும்? மெயினை அணைத்துவிட்டு, அதே அளவில் புதிதாக மாற்றுங்கள்.

இன்னொன்று. வளையம் புலத்தை ஒருபோதும் எட்டிப் பிடிக்காது. வட்டத்தில் 14 காந்த முனைகள் உண்டாகும்படி சுற்றிய 14 துருவக் காயில் என்றால் 50 ஹெர்ட்ஸில் புலம் நிமிடத்துக்குச் சுமார் 428 சுற்று போகும். ஃபேன் அதற்குக் கீழேதான் ஓடும். எட்டிப் பிடித்துவிட்டால் வளையத்தின் பார்வையில் புலம் மாறவே இல்லை; மாற்றம் இல்லையென்றால் மின்னோட்டம் இல்லை, தள்ளுவிசையும் இல்லை. இந்தப் பின்தங்கலைத்தான் ஸ்லிப் என்பார்கள்.

இப்போது விற்கும் பிஎல்டிசி (பிரஷ்லெஸ் டிசி) ஃபேனில் வளையத்திலேயே நிஜக் காந்தம் இருக்கிறது. காயில்களுக்கு எலக்ட்ரானிக் போர்டு முறைவைத்து மின்சாரம் அனுப்புகிறது. வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டி, அது சூடாகி வீணாகும் வேலை இல்லை. சாதாரண ஃபேன் 70, 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் வாக்கில் முடித்துவிடுகிறது. அது மெதுவாக ஓடினால் கடைக்குப் போய் ரெண்டரை கண்டன்சர் கேட்காதீர்கள், அதில் அது கிடையாது. போர்டைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.