ஜீன் டிரைவ் கொசுவுக்கு எதிரா கிராம சபையில தீர்மானம் போடலாமா?

பாம்பன் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்காங்க: "எங்க மகளிர் குழு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ சுத்துது. மரபணு மாத்தின கொசுவை ஊருக்குள்ள விடப்போறாங்களாம், அது எல்லா கொசுவையும் அழிச்சிட்டு அப்புறம் மனுஷங்களுக்கும் பரவுமாம். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போறவரு, போன மாசம்தான் மலேரியா வந்து எந்திரிச்சாரு. அடுத்த கிராம சபையில இதை எங்க ஊர்ல விடக்கூடாதுன்னு தீர்மானம் கொண்டுவரலாம்னு பேசிக்கறோம். கொண்டுவரலாமா, வேணாமா?"

கொண்டுவாங்க சகோதரி. ஆனா அந்த வீடியோ சொல்ற காரணத்துக்காக வேணாம், அதுல சொல்றது பாதிக்கு மேல தப்பு. சரியான காரணம் வேற ஒண்ணு இருக்கு, அது உங்க ஊருக்கு ரொம்பவே பொருந்துற காரணம். அதைப் புரிஞ்சுகிட்டு எழுதினா தீர்மானத்துக்கு ஒரு கனம் வரும்.

முதல்ல பயத்தை இறக்கி வச்சிடுவோம். அந்த வீடியோ பயமுறுத்தறது ஜீன் டிரைவ்ங்கற, தலைமுறை தலைமுறையா தானாப் பரவற மரபணு மாற்றத்தைப் பத்தி. ஜீன் டிரைவ் வச்ச எந்த உயிரினத்தையும் இதுவரைக்கும் உலகத்துல எங்கயும் திறந்தவெளியில விடல. எல்லாம் கூண்டுக்குள்ளதான். மனுஷனுக்குப் பரவும்ங்கறதும் நடக்காத காரியம், ஏன்னா இது கொசு கடிச்சு வர்ற சமாச்சாரம் இல்ல, ஆண் கொசுவும் பெண் கொசுவும் சேர்ந்து முட்டை வச்சாத்தான் அடுத்த தலைமுறைக்குப் போகும். நம்ம நாட்டுல மரபணு மாத்தின எதை வெளிய விடணும்னாலும் 1989ல போட்ட விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துல இருக்கற மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு அனுமதி குடுத்தாகணும். நாளைக்கே யாரோ டப்பாவைத் தூக்கிட்டு வந்து உங்க தெருவுல திறந்து விட்டுட்டுப் போக முடியாது.

இப்ப ஜீன் டிரைவ்னா என்னன்னு பாப்போம். எந்த உயிருக்கும் அம்மாகிட்ட இருந்து ஒரு பிரதி, அப்பாகிட்ட இருந்து ஒரு பிரதின்னு மரபணு ரெண்டு ரெண்டா வரும். நாம லேப்ல ஒரு கொசுவுல ஏதோ ஒண்ணை மாத்தி வெளிய விட்டா அதோட வாரிசுல பாதிக்குத்தான் அந்த மாற்றம் போகும், அதுக்கடுத்ததுல கால்வாசி, இப்படியே குறைஞ்சு காட்டுக் கூட்டத்துல கரைஞ்சு போயிடும். ஜீன் டிரைவ் இந்தப் பங்கு பிரிக்கற கணக்கையே மாத்திடுது. அதுக்குள்ள கிறிஸ்பர்ங்கற ஒரு கத்தரிக்கோலையும் சேர்த்து வச்சிருப்பாங்க. அது ஜோடி குரோமோசோம்ல, அதாவது மரபணுங்க வரிசையா இருக்கற இழையோட இன்னொரு பிரதில, அதே இடத்தைத் தேடிப்போய் வெட்டும், வெட்டுப்பட்ட செல் தன்னைச் சரி பண்ணிக்க பக்கத்துல இருக்கற பிரதியைப் பாத்து காப்பி அடிக்கும், அந்தப் பிரதில இருக்கறது டிரைவ்தான். ஒண்ணு இருந்த இடத்துல இப்ப ரெண்டு. அதனால 100 வாரிசுல 50க்குப் போக வேண்டியது 95க்கும் மேல போகுது, ஒவ்வொரு தலைமுறையிலயும் இதே கதை. நாம சும்மா இருந்தாலும் அது தானா பரவிகிட்டே இருக்கும்.

இந்த யோசனையை 2003லயே லண்டன் இம்பீரியல் காலேஜ்ல இருக்கற ஆஸ்டின் பர்ட் எழுதிட்டாரு, ஆனா கையில சரியான கத்தரி இல்ல. கிறிஸ்பர் வந்தப்புறம் 2014ல அமெரிக்க விஞ்ஞானி கெவின் எஸ்வெல்ட் குழு இப்படிப் பண்ணலாம்னு வழி காட்டினாங்க. 2018ல இம்பீரியல்லயே ஆப்பிரிக்காவோட முக்கியமான மலேரியா கொசு அனாபிலஸ் காம்பியேல டபுள்செக்ஸ்ங்கற மரபணுவை உடைக்கற மாதிரி ஒரு டிரைவ் செஞ்சாங்க. ஆண் கொசுவுக்கு ஒண்ணும் ஆகாது, ஒரு பிரதி வாங்கின பெண் கொசு முட்டை வைக்கும், டிரைவையும் பரப்பும். ரெண்டு பிரதி வாங்கின பெண் கொசுவால கடிக்கவும் முடியாது, முட்டை வைக்கவும் முடியாது. கூண்டுல 7ல இருந்து 11 தலைமுறைக்குள்ள கூட்டம் மொத்தமா காலி. கொசுவுக்கு ஒரு தலைமுறைங்கறது சில வாரம்தான்.

இவ்வளவு சக்தியுள்ள ஒண்ணை ஏன் செய்யணும்னு கேப்பீங்க. 2023ல மட்டும் உலகத்துல மலேரியாவால செத்தவங்க 5,97,000 பேர்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது. 100ல 95 பேர் ஆப்பிரிக்காவுல, அதுலயும் முக்கால்வாசி 5 வயசுக்குக் கீழ இருக்கற பிள்ளைங்க. கொசுவலை மருந்துக்கும் கொசு பழகிடுச்சு, மாத்திரைக்கும் கிருமி பழகிட்டு வருது. அதனால இந்த ஆராய்ச்சியையே மூடுங்கன்னு சொல்றவங்களோட என்னால ஒத்துப்போக முடியல, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய்கிட்ட போய் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஆனா நம்ம கடற்கரையில இருக்கற மலேரியா கொசு வேற. அது பேரு அனாபிலஸ் ஸ்டீபன்சி. ராத்திரி ஒரு டார்ச்சை எடுத்துகிட்டு மொட்டைமாடி டேங்க் மூடியைத் திறந்து தண்ணியைக் கொஞ்ச நேரம் அசையாம பாருங்க. தண்ணியோட மேல்மட்டத்துக்கு அடியில ஒடிச்ச ஈர்க்குச்சித் துண்டு மாதிரி படுக்கையா ஒட்டிகிட்டு ஏதாவது கிடந்தா அது அனாபிலஸ் புழு. சாக்கடைக் கொசு புழு இப்படிப் படுக்காது, மூச்சுக்குழாயை மேல நீட்டிகிட்டு தலைகீழா சாய்வா தொங்கும். உங்க நிழல் பட்டதும் அந்தக் குச்சி வெடுக்குன்னு பின்பக்கமா நகர்ந்து அடியில போயிடும், ஒரு நிமிஷம் பொறுத்தா திரும்ப மேல வரும். 20 வருஷத்துக்கு மேல இதே வேலையில இருக்கேன், இன்னமும் அதைப் பாத்தா அந்தத் தெருவுல யாருக்காவது காய்ச்சல் இருக்கான்னுதான் முதல்ல விசாரிக்கத் தோணும். டேங்க், தொட்டி, கிணறுன்னு நாம குடிக்கற நல்ல தண்ணியிலயே வளர்ற கொசு இது, சென்னையில மலேரியா இத்தனை வருஷம் விடாம இருந்ததுக்கு இதுதான் காரணம்.

இந்தக் கொசுவுக்கு தெற்காசியாவும் அரபு பக்கமும்தான் சொந்த ஊரு. 2012ல ஆப்பிரிக்காவோட கடலோர நாடான ஜிபூட்டில போய் இறங்கிடுச்சு. அந்த வருஷம் அங்க மலேரியா கேஸ் வெறும் 27, 2020ல 73,000ஐத் தாண்டிடுச்சு. அப்புறம் எத்தியோப்பியா, சூடான்னு போய்கிட்டே இருக்கு. உங்களுக்கு எதிர்க்கரையிலயே பாருங்க, இலங்கைக்கு மலேரியா இல்லாத நாடுன்னு 2016 செப்டம்பர்ல சர்டிஃபிகேட் குடுத்தாங்க, அதே வருஷக் கடைசியில மன்னார்ல இந்தக் கொசுவைக் கண்டுபிடிச்சாங்க. தனுஷ்கோடியில இருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர்தான். கப்பல்ல, படகுல, தண்ணி டிரம்முல எல்லாம் போகும்.

அப்படின்னா நாளைக்கு ஆப்பிரிக்காவுல ஒரு நாடு, இது எங்க ஊர்க் கொசு இல்ல, வந்தேறி, ஜீன் டிரைவ் வச்சு மொத்தமா அழிச்சிடறோம்னு முடிவெடுத்தா அது அவங்க பக்கம் நியாயம். ஆனா போன வழியிலயே அந்தக் கொசு திரும்பி வந்தா இங்க இருக்கற கூட்டத்துலயும் அது பரவும், அப்ப நம்மகிட்ட யாரு கேட்டாங்க? நியூசிலாந்துல இதே சிக்கல் பேச்சுக்கு வந்துச்சு. அங்க பாசம்ங்கற ஒரு மரநாய் சைஸ் விலங்கு பறவைங்களையும் காட்டையும் நாசம் பண்ணுது, பக்கத்து ஆஸ்திரேலியாவுல அதே விலங்குதான் சட்டம் போட்டுக் காப்பாத்தற சொந்த விலங்கு. நியூசிலாந்துல விட்ட டிரைவ் ஒரு கப்பல் ஏறினா போதும். 2017ல எஸ்வெல்டே, ஆமா அந்த வழி காட்டினவரே, தானா எல்லையில்லாம பரவற வகையை இயற்கைப் பாதுகாப்பு வேலைக்குன்னு சொன்னது தப்புன்னு வெளிப்படையா எழுதினாரு. எனக்கும் அதே எண்ணம்தான். எலி, பாசம் மாதிரி விலங்குங்க விஷயத்துல வேலி போடவும் விஷம் வைக்கவும் பொறி வைக்கவும் வேற வழி இருக்கறப்ப திரும்ப எடுக்க முடியாத ஒண்ணை விடக்கூடாது. மலேரியாவுக்கு மட்டும் அந்தக் கதவை நான் சாத்த மாட்டேன், ஆனா அது போய்ச்சேரக்கூடிய ஊரையெல்லாம் கேக்காம திறக்கவும் கூடாது.

கேக்கறதுன்னா எப்படின்னு பாக்க மேற்கு ஆப்பிரிக்க நாடான பர்கினா ஃபாசோதான் நல்ல உதாரணம். டார்கெட் மலேரியான்னு ஒரு திட்டம், அங்க பானாங்கற கிராமத்துல 2019 ஜூலையில சுமார் 6,400 மலட்டு ஆண் கொசுவை விட்டாங்க, மரபணு மாத்தினதுதான் ஆனா ஜீன் டிரைவ் இல்ல, தானா செத்துப்போற வகை. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஊர்ல உக்காந்து பேசினாங்க. அங்க பேசற ஜூலா மொழியில ஜீன்ங்கறதுக்கே வார்த்தை இல்லாம ஊர்க்காரங்களோட சேர்ந்து வார்த்தையை உருவாக்கினாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா ஒரு ஊரு சரின்னா போதுமா, மத்த ஊரெல்லாம்னு அங்க சில அமைப்புங்க விடாம எதிர்த்தாங்க, 2025 ஆகஸ்ட்ல அந்த நாட்டு அரசாங்கம் திட்டத்தையே நிறுத்திடுச்சு. நம்ம நாட்டுலயும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு. 1975ல ஹரியானாவுல சோனிபட்ல டெங்கு பரப்பற ஏடிஸ் கொசுவுல மலட்டுக் கொசுவை விட எல்லாம் தயாரா இருந்துச்சு, உலக சுகாதார நிறுவனமும் நம்ம ஐசிஎம்ஆரும் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) சேர்ந்து செஞ்ச வேலை. இது உயிரி ஆயுத ஆராய்ச்சியோன்னு பத்திரிகையில சந்தேகம் வந்து நாடாளுமன்றக் குழு வரைக்கும் போய் கடைசி நேரத்துல நின்னு போச்சு, அந்த ஆராய்ச்சிப் பிரிவையே மூடிட்டாங்க. மக்கள்கிட்ட முன்கூட்டியே விளக்கமா பேசியிருந்தா அந்தச் சந்தேகம் அவ்வளவு சுலபமா பத்திக்கிட்டு எரிஞ்சிருக்காது.

இப்ப உங்க தீர்மானம். "மரபணுக் கொசுவைத் தடை செய்"ன்னு ஒரே வரியில எழுதாதீங்க. ஏன்னா யாராவது கொசுவோட வந்து கதவைத் தட்டினா அது என்ன வகைன்னே முதல்ல கேக்கணும். புதுச்சேரியில ஐசிஎம்ஆர் நிலையம் வோல்பாக்கியாங்கற பாக்டீரியா ஏத்தின டெங்குக் கொசுவை உருவாக்கி வச்சிருக்காங்க, அதுல மரபணுவை மாத்தல. இந்தோனேசியாவுல யோக்யகர்த்தாவுல அந்த முறையில டெங்கு 77 சதவீதம் குறைஞ்சிச்சு. அதுவும் ஓரளவு தானா பரவற ஜாதிதான், அதனால கேள்வி கேக்கணும், ஆனா ஜீன் டிரைவோட சேர்த்து ஒரே மூட்டையா கட்டிடக்கூடாது. மலட்டு ஆண் கொசுன்னா விடறதை நிறுத்தினா விஷயம் அங்கயே முடிஞ்சுது.

நான் எழுதினா இப்படி எழுதுவேன்: "தலைமுறை தலைமுறையாத் தானே பரவக்கூடிய, திரும்ப எடுக்க முடியாத மரபணு மாற்றம் செஞ்ச எந்த உயிரினத்தையும் எங்க ஊராட்சியிலயோ, இங்க வந்து சேரக்கூடிய வேற இடத்துலயோ விடறதுக்கு முன்னாடி, எங்களுக்குத் தமிழ்ல முழுசா விளக்கி, எங்க சம்மதத்தைக் கேக்கணும். தப்பாப் போனா யாரு பொறுப்பு, எப்படி நிறுத்துவீங்கன்னு எழுத்துல குடுக்கணும்." 2018ல எகிப்துல நடந்த ஐ.நா. பல்லுயிர் ஒப்பந்த மாநாட்டுல, பாதிக்கப்படக்கூடிய பழங்குடி மக்கள்கிட்டயும் உள்ளூர் சமூகத்துகிட்டயும் முன்கூட்டியே, விவரம் சொல்லி, கட்டாயமில்லாத சம்மதம் வாங்கறதைப் பத்தி முடிவெடுத்திருக்காங்க, இந்தியாவும் அதுல உறுப்பு நாடு. அதையும் ஒரு வரியில சேர்த்துக்கோங்க. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி உங்க ஊராட்சியில பல்லுயிர் மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கணும், பேருக்காவது இருக்கும், அவங்க கையெழுத்தும் வாங்குங்க. ஒரு கிராம சபை தீர்மானத்தால டெல்லி முடிவைத் தடுத்துட முடியாது, ஆனா பதிவுல இருக்கும், கேள்வி வர்றப்ப எடுத்துக் காட்டலாம்.

அதே கூட்டத்துல இன்னொரு தீர்மானமும் போடுங்க, இது உடனே பலன் தர்றது. எல்லா டேங்குக்கும் இடைவெளி இல்லாம மூடி, ஓவர்ஃப்ளோ பைப் வாயில கொசுவலைத் துணி கட்டணும், மூட முடியாத கிணத்துல கொசுப் புழுவைத் தின்னற கம்பூசியா மீன் விடணும், மீனை சுகாதாரத்துறைகிட்ட கேளுங்க. கடலுக்குப் போயிட்டு வந்தவங்களுக்கு காய்ச்சல்னா அன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துல ரத்தம் எடுத்துப் பாக்கணும், காசு கிடையாது. உங்க வீட்டுக்காரருக்கு வந்தது வைவாக்ஸ்ங்கற வகை மலேரியான்னா பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் குடுத்திருப்பாங்க, காய்ச்சல் விட்டதும் 4 நாள்ல நிறுத்திட்டாரான்னு கேளுங்க. நிறைய பேர் நிறுத்திடறாங்க, கிருமி ஈரல்ல தூங்கிட்டு மாசக்கணக்குல கழிச்சு எந்திரிக்கும். நிறுத்தியிருந்தா இந்த வாரமே டாக்டரைப் பாக்கச் சொல்லுங்க.

தீர்மானத்தை எழுதி முடிச்சதும் கூட்டத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு காப்பி அனுப்புங்க சகோதரி, பாத்துட்டு சொல்றேன்.