சிலம்பம் தொடங்கி மூன்று வாரம்: மணிக்கட்டு வலித்தால் விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: வயது 38. திருப்பூரிலிருந்து மாற்றலாகி ஊட்டிக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. மூன்று வாரமாகத் தினமும் காலை 6 மணிக்குச் சிலம்ப வகுப்புக்குப் போகிறேன். பத்தே நிமிடத்தில் மூச்சு வாங்குகிறது. வலது மணிக்கட்டில் வலி. கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடக்கிறது. இந்த வயதுக்குச் சிலம்பம் ஆகாதோ?

பதில்: வயது தடையே இல்லை. மூச்சும் கெண்டைக்காலும் பழகப் பழகச் சரியாகும். மணிக்கட்டு அப்படியில்லை, அதை முதலில் பாருங்கள்.

கட்டைவிரலை உள்ளே மடக்கி, மற்ற நான்கு விரல்களால் மூடி, முஷ்டியை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாயுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் ஓரத்தில் சுரீரென்று இழுத்தால், அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். இரண்டு வாரம் கம்பைத் தொடாதீர்கள்; எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை வெறுங்கையோடு காலடி மட்டும் பழகலாம். அப்படி இழுக்காமல், முன்கை முழுவதும் பரவலாக வலித்து ஓரிரு நாளில் குறைந்தால், அது புதிதாக வேலை வாங்கப்பட்ட தசையின் வலிதான்.

புதியவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கப் பெரும்பாலும் பிடிதான் காரணம். குளிரில் விரல் விறைக்கும், கம்பு நழுவுமோ என்ற பயம் வரும், கை தானாக இறுகும். இறுக்கிப் பிடித்தால் சுழலும் கம்பின் இழுப்பு முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது. கம்பின் நடுவைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்திருக்கட்டும். மற்ற மூன்று விரல்களும் சுற்றுக்கேற்பத் திறந்து மூடட்டும். முழங்கையும் தோளும் கூடவே போக வேண்டும். கம்பை 8 வடிவில் சுற்றி எட்டு போடும்போது உள்ளங்கை மாறி மாறி மேலும் கீழும் திரும்புகிறதா என்று கவனியுங்கள். ஒரே பக்கம் பார்த்தபடி நின்றால், மணிக்கட்டை முறுக்கித்தான் கம்பைச் சுற்றுகிறீர்கள்.

கம்பு தரையிலிருந்து உங்கள் புருவம்வரை இருந்தால் போதும். அரை கிலோ அளவிலான பிரம்பு நல்லது. தடித்த மூங்கில் முதல் மூன்று மாதம் வேண்டாம். கனமும் அதிகம், பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும். ஊட்டி ஈரத்தில் கம்பு பூஞ்சணம் பிடிக்கும். துணியில் சில துளி நல்லெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படுக்கவையுங்கள். மூலையில் சாய்த்தால் வளைந்துவிடும்.

ஊட்டியின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. திருப்பூரில் ஆடக்கூடிய வேகத்தில் இங்கே ஆடினால் இளைக்கத்தான் செய்யும். இரண்டு நிமிடம் சுற்று, ஒரு நிமிடம் நடை என ஐந்து முறை செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்துச் சுற்றை மூன்று நிமிடமாக்குங்கள். சுற்றும்போது ஒரு முழு வாக்கியம் பேச வர வேண்டும். பலர் தெரியாமலே மூச்சை அடக்கிக்கொண்டு சுற்றுகிறார்கள். வாய்விட்டு எண்ணினால் அது நிற்கும். நெஞ்சில் வலியோ தலைசுற்றலோ வந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

கெண்டைக்காலுக்கு இரட்டை வேலை: வகுப்பில் முன்பாதத்தில் நிற்கிறீர்கள், வீட்டுக்கு மேடேறுகிறீர்கள். சமவெளியில் ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்கினால் போதும் என்றால் இங்கே பதினைந்து நிமிடம் வேண்டும். வியர்க்கும்வரை ஸ்வெட்டரைக் கழற்றாதீர்கள். விறைத்த தசையை இழுத்து நீட்டாதீர்கள். அது வகுப்பு முடிந்த பிறகு. சுவரில் கை ஊன்றி, பின்காலின் குதிகால் தரையில் பதிய 30 விநாடி நில்லுங்கள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று முறை.

தினமும் போவதுதான் பெரிய தவறு. வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முடிந்தால் ஆசானிடம் மாலை வகுப்பு கேளுங்கள். டிசம்பர், ஜனவரியில் உறைபனி படிந்த புல் வழுக்கும். விடியலில் மைதானத்தில் காட்டெருமை நிற்பதும் உண்டு. வலியையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பிடியை எதிரில் நின்று பார்த்துத் திருத்த அவரால்தான் முடியும்.