பனிப்புயல் நாளில் ஜன்னல் திரையை மூடாதீர்கள்

கேள்வி: பனி கொட்டும் ஊருக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். பனிப்புயல் வந்தால் நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். நினைத்தாலே பயமாகவும் சலிப்பாகவும் இருக்கிறது. அந்த நாளை இனிமையாகக் கழிக்க முடியுமா?

முடியும். பன்னிரண்டு குளிர்காலங்களைப் பனிக்குள் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஆண்டில் நான் மிகவும் விரும்பிக் காத்திருக்கும் நாள்களில் அதுவும் ஒன்று. ஆனால் என் முதல் பனிப்புயல் நாள் அப்படி அமையவில்லை. காற்று ஊளையிடத் தொடங்கியதும் எல்லா ஜன்னல் திரைகளையும் இழுத்து மூடினேன். விளக்குகளைப் போட்டுக்கொண்டு, கைபேசியில் வானிலைச் செய்திகளையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைக்குள் தலைவலி வந்துவிட்டது. வெளியே என்ன நடந்தது என்று கேட்டால் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. வெறும் இரைச்சலும் சில எண்களும்தான் நினைவில் இருந்தன.

அதனால் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: திரையை மூடாதீர்கள். ஒரு நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுங்கள். கண்ணாடியை ஒட்டி வேண்டாம், அங்கே குளிர்ந்த காற்று வழிந்து இறங்கிக் கால்களை உறைய வைக்கும். இரண்டு கை தூரம் தள்ளிப் போடுங்கள். போர்வையும் அதே போர்வை, அறையும் அதே அறைதான். ஆனால் கண்ணெதிரே காற்று பனியை வாரி இறைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் போர்வைக்குள் கிடைக்கும் கதகதப்பு வேறு எந்த நாளிலும் கிடைப்பதில்லை. குளிரைப் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் உடம்பு வெப்பத்தின் அருமையை உணர்கிறது.

அப்படி நிம்மதியாக உட்கார வேண்டுமானால் மனத்தில் கவலை இருக்கக் கூடாது. அதற்கான ஏற்பாடுகள் முந்தைய நாள் மாலையே முடிந்திருக்க வேண்டும். பனிப்புயல் என்றால் பனி நிறையக் கொட்டும் என்று மட்டும் நான் நினைத்திருந்தேன். அமெரிக்க வானிலைத் துறை வகுத்திருக்கும் வரையறையில் கொட்டும் பனியின் அளவே இல்லை. மணிக்கு சுமார் 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்று, 400 மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாத மறைப்பு, இரண்டும் மூன்று மணி நேரம் நீடிக்க வேண்டும், அவ்வளவுதான். தரையில் ஏற்கனவே கிடக்கும் பனியைக் காற்று கிளப்பினாலே போதும். மரக்கிளை முறிந்து கம்பியில் விழுவதற்கும் மின்சாரம் போவதற்கும் காற்றே பெரிய காரணம் என்பதால், நீங்கள் இருட்டுக்குத் தயாராக வேண்டும்.

என் இரண்டாவது குளிர்காலத்தில் பதினொரு மணி நேரம் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி ஏற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தேன். திரையின் ஓரம் கருகிய வாசனை வந்த பிறகுதான் கவனித்தேன். கை நடுங்கியது நினைவிருக்கிறது. அன்று முதல் மின்கல விளக்குகள்தான். அறைக்கு ஒன்று, எல்லாரும் அறிந்த இடத்தில். கைபேசிகள் முழுதாக மின்னேற்றப்பட்டிருக்க வேண்டும். அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகள் நான்கைந்து நாள்களுக்காவது கையில் இருக்க வேண்டும். குடிநீரைப் பிடித்து வையுங்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் உணவு கெடாது. நிறைந்திருக்கும் உறைபெட்டி இரண்டு நாள் வரை தாங்கும். வெளிச்சுவரை ஒட்டிச் செல்லும் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்காமல் இருக்கக் குழாயைச் சற்றே சொட்ட விடுங்கள். கழுவுதொட்டியின் கீழுள்ள அலமாரிக் கதவைத் திறந்து வைத்தால் அறையின் வெப்பம் உள்ளே போகும்.

இவை எல்லாவற்றையும் மறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு. பல வீடுகளில் வெப்பமூட்டும் உலையின் புகைக்குழாய் பக்கச் சுவரில், தரையிலிருந்து அதிக உயரமில்லாத இடத்தில் வெளியே வரும். காற்று பனியைக் குவித்து அதன் வாயை அடைத்துவிட்டால் அந்த வாயு வீட்டுக்குள்ளேயே திரும்பும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதைக் கண்டறியும் அலாரம் இல்லாத வீட்டில் பனிப்புயலை ரசிப்பதைப் பற்றிப் பேசவே எனக்கு மனம் வராது. ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் ஒருபோதும் வீட்டுக்குள்ளோ கார் நிறுத்தும் கொட்டகைக்குள்ளோ இயக்காதீர்கள். பனியில் புதைந்த காரை அதன் புகைக்குழாயைச் சுத்தம் செய்யாமல் கிளப்பி உள்ளே உட்காருவதும் அதே ஆபத்துதான்.

இவ்வளவும் முடிந்துவிட்டால், காலையில் எழுந்ததும் முதலில் கூரையைப் பாருங்கள். வீட்டுக்குள்ளிருக்கும் கூரையைத்தான் சொல்கிறேன். மற்ற நாள்களில் ஜன்னல் வெளிச்சம் மேலிருந்து தரையில் விழும். பனி மூடிய நாளில் அது கீழிருந்து மேலே வருகிறது. புதுப்பனி தன்மேல் விழும் வெளிச்சத்தில் 80 முதல் 90 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதால் அறையின் கூரை பால்போல் வெளுத்திருக்கும். திரை மூடியிருந்தாலும் அதன் இடுக்கில் கசியும் ஒளியைப் பார்த்தே, படுக்கையிலிருந்து எழாமல், இரவில் பனி நிறையக் கொட்டியிருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.

பிறகு அந்த அமைதி. காற்று இடையிடையே மூச்சு வாங்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். தெரு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். புதிதாக விழுந்த பனியின் கன அளவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் காற்றுதான். அந்த நுண்ணிய இடைவெளிகளுக்குள் நுழைந்த ஒலி வெளியே வர வழி தெரியாமல் அடங்கிவிடுகிறது. அதே காற்றுதான் மண்ணுக்கும் போர்வை. ஓர் அடி பனிக்குக் கீழே புல்லின் வேரும் குளிர்காலப் பயிரும் வெளிக்குளிர் தெரியாமல் உறங்குகின்றன. நாம் உள்ளே போர்வைக்குள் இருப்பதுபோலவே அவை வெளியே இருக்கின்றன என்ற நினைப்பு எனக்கு ஒவ்வோர் ஆண்டும் ஆறுதல் தருகிறது.

நம் மொழியில் புல்நுனியில் நிற்கும் துளிக்கும் பனி என்றே பெயர். ஆண்டின் ஆறு பருவங்களில் முன்பனி, பின்பனி என்று இரண்டை அதற்குக் கொடுத்திருக்கிறோம். பஞ்சாக இறங்கும் இதையோ வெண்பனி என்று அடைமொழி சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. விடியற்காலைத் துளியும் இந்தப் பெரும்பொழிவும் ஒரே சொல்லுக்குள் இருப்பது பிடித்திருக்கிறது.

பகல் முழுவதும் என்ன செய்வது? படியுங்கள், தூங்குங்கள், வீட்டில் இருப்பவர்களோடு பலகை விளையாட்டு ஆடுங்கள். இதிலெல்லாம் நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. தள்ளிப்போட்ட அலமாரிச் சுத்தம், கணக்கு வழக்கு போன்றவற்றை அன்று எடுக்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அவற்றுக்கு வேறு நாள்கள் இருக்கின்றன. நண்பகலுக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு மட்டும் கட்டாயம் செய்துவிடுகிறேன். எங்கள் அடுத்த வீட்டில் ஒரு மூதாட்டி தனியாக இருக்கிறார். "அம்மா, வீடு சூடாக இருக்கிறதா? ஏதாவது வேண்டுமா?" என்று கேட்பேன். பெரும்பாலும் எதுவும் வேண்டாம் என்பார். ஆனால் பத்து நிமிடம் பேசாமல் வைக்க மாட்டார். நள்ளிரவில் பனி அகற்றும் வண்டி உறுமிக்கொண்டு போகும் ஓசை கேட்கும்போதும் அதை ஓட்டுபவரை நினைத்துக்கொள்கிறேன். மருத்துவமனைகளிலும் மின்கம்பங்களிலும் அன்று பணியில் இருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பதால்தான் நாம் உள்ளே இருக்க முடிகிறது.

வாசல் பனியை அள்ளுவது இந்த இனிமையைக் கெடுக்கும் வேலை என்று நினைக்காதீர்கள். காற்று தணியும் இடைவெளிகளில் கால்மணி நேரம் அள்ளிவிட்டு உள்ளே வாருங்கள். மொத்தமாகக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது கெட்டிப்பட்டுக் கனத்துவிடும். புதுப்பனியே பெரும்பாலும் ஒரு கனமீட்டர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும்; ஈரப்பனி அதைப் போலப் பல மடங்கு. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும் நேரத்தில் திடீரெனக் கடும் உழைப்பு சேர்ந்தால் இதயம் திணறும். ஆகவே சிறிது சிறிதாக அள்ளுங்கள், தூக்கி எறியாமல் முடிந்தவரை தள்ளுங்கள். இதய நோய் உள்ளவர்கள் மண்வாரியைத் தொடவே வேண்டாம். உள்ளே வந்து ஈரக் காலுறையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டும் அந்த ஒரு நிமிடத்துக்காகவே நான் வெளியே போவேன் என்று தோன்றும்.

கடைசியாக, எங்கள் வீட்டில் என் மகளுக்காகத் தொடங்கிய ஒன்று. ஓர் அட்டையில் கறுப்புக் கம்பளித் துணியை ஒட்டி, பனி விழாத தாழ்வாரத்தில் அரைமணி நேரம் வைத்துக் குளிர விடுவோம். பிறகு அதை வெளியே நீட்டிப் பனித்துகள்களை ஏந்தி, மூச்சுப் படாமல் உருப்பெருக்கியால் பார்ப்போம். மேகத்தில் குளிர் உறைநிலைக்கு 15 பாகை செல்சியஸ் கீழே இருந்தால் கிளைவிட்ட நட்சத்திரங்கள்; 5 பாகை கீழே என்றால் ஊசிகள். வில்சன் பென்ட்லி என்ற வெர்மான்ட் விவசாயி கேமராவை நுண்ணோக்கியோடு இணைத்து 1885 ஜனவரி 15 அன்று தனியொரு பனிப்படிகத்தை முதன்முதலில் படம்பிடித்தார். பிறகு வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேல் எடுத்தார். ஜப்பானிய அறிவியலாளர் உகிச்சிரோ நகாயா 1936இல் ஆய்வகக் குளிரில் முயல் முடியின் நுனியில் ஒரு படிகத்தை வளர்த்தே காட்டினார். அதைச் சொன்ன அன்று மகள் தன் கையுறையிலிருந்து ஒரு கம்பளி இழையைப் பிய்த்து வெளியே தொங்கவிட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

"அப்பா, ஏன் எல்லாவற்றுக்கும் ஆறு கை?" என்று அவள் கேட்டதை 1611இலேயே வானியலாளர் கெப்ளர் கேட்டு எழுதியிருக்கிறார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாகத்தான் கைகோத்துக்கொள்கின்றன என்பதை அறியும் வசதி அவர் காலத்தில் இல்லை.

போன வாரப் புயலில் பகல் முழுவதும் எங்களுக்கு உடைந்த துகள்களே கிடைத்தன. காற்று அவற்றை ஒன்றோடொன்று மோதவிட்டுக் கைகளை ஒடித்துவிடுகிறது. இரவு எட்டு மணிக்குக் காற்று அடங்கியது. தாழ்வான மேகமும் தரைப்பனியும் தெருவிளக்கின் ஒளியை மாற்றி மாற்றித் திருப்பிக்கொண்டிருந்ததால் வாசலில் விளக்குப் போடத் தேவையில்லை. மகள் அட்டையை நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். நான்காவது முறை முழுதாக ஒன்று வந்து உட்கார்ந்தது. உருப்பெருக்கியை என்னிடம் தரவே இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு கையாக எண்ணிக்கொண்டிருந்தாள்.