நாலு டயரும் ஒரே உயரமா? வாசகர் கேள்வி பதில்

ஆல் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய) கார்களில் பழைய டயரோடு புது டயரைக் கலந்து போடுவது பற்றி செட்டிநாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: என்னிடம் இருப்பது ரெனோ டஸ்டர் ஆல் வீல் டிரைவ். டயர் அளவு 215/65 ஆர்16. சரளைச் சாலையில் கல் கிழித்து, பின் இடது டயரின் பக்கவாட்டுச் சுவர் போய்விட்டது. மற்ற மூன்றிலும் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் மேடு) நாலரை மி.மீ. இருக்கிறது. ஒரு கடையில் ஒன்று மட்டும் போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் ஜோடியாகப் போடச் சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: இரண்டுமே முன்சக்கர டிரைவ் கார்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன பதில்கள். உங்கள் வண்டிக்குக் கணக்கு வேறு.

புது டயரில் பட்டன் உயரம் சுமார் 8 மி.மீ. உங்களுடையது 4.5. ஆக வித்தியாசம் 3.5. ஆரத்தில் 3.5 குறைந்தால் சுற்றளவில் 22 மி.மீ. குறையும். உங்கள் அளவில் புது டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2,155 மி.மீ. அது ஒரு கிலோமீட்டருக்கு 464 தடவை சுற்றினால், தேய்ந்தது 469 தடவை சுற்றும். நீங்கள் காரைக்குடியில் கிளம்பித் திருச்சி போய்ச் சேர்வதற்குள் பழைய டயர் நானூறு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியிருக்கும். வளைவில் திரும்பும்போதும் சக்கரங்கள் வேறு வேறு வேகத்தில்தான் சுற்றுகின்றன. ஆனால் அது சில நொடிதான். இதுவோ நேர்சாலையிலும் விடாமல் நடக்கும்.

இனிதான் பலரும் கவனிக்காத இடம். பின்னால் ஒரே ஒரு புது டயர் போட்டால், இடது வலது வேக மாற்றத்தைப் பின் டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) வாங்கிக்கொள்ளும். இரண்டு சக்கரங்களின் சராசரி வேகம்தான் முன்னையும் பின்னையும் இணைக்கும் ஷாஃப்டுக்குப் போகும். எனவே முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே இருக்கிற கப்ளிங் பார்ப்பது பாதி வித்தியாசம். பின்னால் இரண்டையும் புதிதாகப் போட்டால் இடது வலது சமமாகிவிடும், பிரேக்கும் நேராகப் பிடிக்கும். ஆனால் முழு வித்தியாசமும் கப்ளிங் தலையில் விழும். ஜோடியாகப் போட்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

அந்தக் கப்ளிங், பின் டிஃபரன்ஷியலுக்கு முன்னால் எண்ணெயில் மூழ்கியிருக்கும் பல தட்டுகள் கொண்ட ஒரு கிளட்ச். நான்கு சக்கரங்களின் வேகத்தைச் சொல்லும் ஏபிஎஸ் சென்சார்களையும் படித்து, முன் சக்கரம் கூடுதலாகச் சுற்றினால் ‘வழுக்குகிறது’ என்று முடிவுகட்டி, கம்ப்யூட்டர் தட்டுகளை இறுக்கும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் காய்ந்த ரோட்டிலும் அதற்கு வழுக்கல் மாதிரித்தான் தெரியும். தட்டுகள் உரசும், எண்ணெய் சூடேறும், கடைசியில் தட்டு கருகும். கப்ளிங்கை மாற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் ஒரு செட் டயர் விலை எவ்வளவோ தேவலை.

எங்கள் கணக்கு இதுதான்: பட்டன் வித்தியாசம் 2 மி.மீ.க்குள் என்றால், அதே கம்பெனி, அதே மாடலில் ஒரு டயர் போதும். 2 முதல் 3 வரை என்றால் ஜோடியாக மாற்றி, புதியவற்றைப் பின்னால் போடலாம். அதற்கு மேல் போனால் நான்கும்தான். வண்டிக் கையேட்டில் வேறு வரம்பு இருந்தால் அதுவே இறுதி. சுபாரு கம்பெனி சுற்றளவிலேயே கால் அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. பட்டனில் அது வெறும் 1 மி.மீ. அவ்வளவு கறார்.

உங்களுக்கு 3.5 என்பதால் இரண்டு வழி. ஒன்று, நான்கையும் மாற்றுவது. மற்றொன்று, அதே கம்பெனி, அதே மாடலில் 4 முதல் 5 மி.மீ. பட்டன் உள்ள பழைய டயர் ஒன்றைத் தேடுவது. மதுரை, திருச்சியில் விசாரியுங்கள். ஒரே அளவு எண் போட்டிருந்தாலும் வேறு கம்பெனி டயரின் நிஜ உயரம் சில மி.மீ. மாறும், அதனால் மாடலில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாங்கும்முன் உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பாருங்கள். பக்கவாட்டில் ஒட்டு இருந்தால் வேண்டாம். அதுவரை மோட் திருகியை 2டபிள்யூடி-யில் (இருசக்கர டிரைவ்) வைத்து ஓட்டுங்கள். தார் ரோட்டில் லாக் (முன்னையும் பின்னையும் பூட்டும் நிலை) பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: டயர் கடையில் கண்ணால் பார்த்தே ‘எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு ஆச்சி’ என்று சொல்லிவிடுகிறார்கள். வீட்டில் அளக்க வழி உண்டா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: உண்டு. ஆழம் அளக்கும் கேஜ் மலிவாகவே கிடைக்கிறது. டயரின் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று பள்ளங்களிலும், சுற்றளவில் மூன்று இடங்களிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேட்டின் மேல் கேஜை வைக்காதீர்கள். அது 1.6 மி.மீ. சட்ட வரம்பைக் காட்டும் அடையாளம்.

கேஜ் இல்லையென்றால் சாக்பீஸ் போதும். காலையில் டயர் சூடேறும்முன் நான்கிலும் காற்றைச் சரிசெய்யுங்கள். டயர் தரையைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் கோடு போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, சரியாக ஐந்து சுற்று வண்டியைத் தள்ளி, மறுபடி தரையில் கோடு போடுங்கள். பத்தே முக்கால் மீட்டர் அளவுக்கு நேரான தரை வேண்டும். உங்கள் ஊர்த் தெருக்களில் அதற்குப் பஞ்சமில்லை. பட்டனில் 1 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஐந்து சுற்றில் 3 செ.மீ. காட்டும். எஞ்சின் எடையால் முன் டயர் கூடுதலாக அமுங்கும். ஆகவே இந்த முறையில் இடதை வலதோடு ஒப்பிடுங்கள், முன்னைப் பின்னோடு வேண்டாம்.

உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. இரண்டு விளிம்பும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடு மட்டும் என்றால் காற்று அதிகம். திட்டுத் திட்டாகக் குழி விழுந்திருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே கதியாகும்.

கேள்வி: மஹிந்திரா தார் 4x4-இல் பின்னால் மட்டும் புது டயர் போட்டேன். டிஃபரன்ஷியல் போய்விடும் என்று தம்பி பயமுறுத்துகிறான்.
– வாசகர், திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்)

பதில்: 2ஹெச் (இருசக்கர டிரைவ்) நிலையில் பின் சக்கரம் மட்டும்தான் இழுக்கிறது, முன்னுக்கும் பின்னுக்கும் உயரம் மாறினால் பாதகமில்லை. பின்னால் இடதும் வலதும் சமமாக இருந்தால் சரி. 4ஹெச் (நாலு சக்கர டிரைவ்) போட்டால் நடுவில் டிஃபரன்ஷியலே கிடையாது. நான்கும் ஒரே உயரமாக இருந்தாலும் தார் ரோட்டில் போடக் கூடாது. கண்மாய்க் கரை, சேறு, மணல் என்றால் டயர் சறுக்கி வித்தியாசத்தைத் தின்றுவிடும்.

கேள்வி: நாங்கள் இருப்பது சிங்கப்பூரில். ஊர் வீட்டில் நிற்கும் ஆல் வீல் டிரைவ் காரை வருஷத்தில் ஒரு மாதம்தான் எடுப்போம். கருவேல முள் குத்தி ஒரு டயர் பாழ். ஒருதரம்கூடத் தரையில் படாத ஸ்டெப்னியைப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முள் பட்டன் பகுதியில் குத்தியிருந்து, காற்றில்லாமல் ஓட்டாமலும் இருந்தால் டயரைக் கழற்றி உள்ளிருந்து ஒட்டுப் போட முடியும். முதலில் அதைக் கேளுங்கள். ஸ்டெப்னி முழு அளவா என்று அடுத்துப் பாருங்கள். குறுகலான தற்காலிக ஸ்டெப்னி என்றால் 80 கி.மீ. வேகத்துக்குள் பஞ்சர் கடை வரை மட்டும். முழு அளவு என்றால் அதன் பட்டன் 8 மி.மீ. இருக்கும். மற்ற மூன்றும் 6-க்கு மேல் இருந்தால் போடலாம். பிறகு பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ஐந்து வருஷம் தாண்டிய டயரை ஆண்டுக்கொருமுறை சோதிக்க வேண்டும். பத்து ஆனால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். நின்றே கிடக்கும் வண்டிகளில் பட்டன் தேயும்முன் ரப்பர்தான் வெடிப்பு விடும். உங்களுடைய மற்ற மூன்றின் எண்ணையும் அப்படியே படித்துவிடுங்கள்.

கேள்வி: கப்ளிங் கெட ஆரம்பித்தால் எப்படித் தெரியும்?
– வாசகர், புதுவயல்

பதில்: ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திரும்பும்போது வண்டி பிடித்துப் பிடித்து உதறும். வேகத்தில் பின்னாலிருந்து ரீங்காரம் வரும், நிறுத்தினால் எண்ணெய் கருகிய வாடை. சூடு மீறினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, வண்டி தானாகவே இருசக்கர டிரைவுக்கு மாறிவிடும். ஆறியதும் விளக்கு அணைவதால் பலர் அதோடு மறந்துவிடுகிறார்கள். அன்றைக்கே நான்கு டயரையும் அளந்து, கப்ளிங் எண்ணெயை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கறுத்து, பொடி கலந்து வந்தால் தட்டு தேய ஆரம்பித்துவிட்டது.